மண்ணிடமே கேட்டவர்

அறிவு மந்தமானவனைக் கண்டால், "தலையிலே களிமண்தான்" என்று சொல்லிச் சிரிப்பது நமது வழக்கம். உணர்வற்றதற்கு மண்ணையே உவமை காட்டிப் பழகிவிட்டோம். ஆனால், வளமான மண்ணில் ஒரு கிராம் எடுத்தால், அதில் வாழும் நுண்ணுயிர்களைக் கோடிக்கணக்கில் எண்ண வேண்டியிருக்கும். நாம் உண்ணும் ஒவ்வொரு கவளத்திலும் அவற்றின் உழைப்புண்டு. அவ்வுழைப்பை உலகறியச் செய்தோருள் முதல் வரிசையில் நிற்பவர் சேர்கேய் வினோகிராட்ஸ்கி.

1856 ஆம் ஆண்டு கீவ் நகரிற் பிறந்த இவர், இளமையில் நாடியது இசையையே. சென் பீற்றர்ஸ்பேர்க் இசைக் கல்லூரியிற் பியானோ பயின்றார். பின்னர் அதைவிட்டுப் பல்கலைக்கழகம் புகுந்து, தாவரவியல் கற்று, நுண்ணுயிர் ஆராய்ச்சியில் இறங்கினார்.

ஜெர்மனியில் ரொபேட் கொக்கின் புகழ் ஓங்கியிருந்த காலம் அது. சத்து நிறைந்த சாற்றை ஜெலற்றீனுடன் கலந்து, அதிலே கிருமிகளை வளர்த்துப் பிரித்தறியும் முறையை அவர் வகுத்திருந்தார். மண்ணை ஆராய்ந்தோரும் அம்முறையையே கைக்கொண்டனர். ஜெலற்றீனில் வளர்ந்ததே மண்ணின் உயிர் என்று எழுதினர்; வளராததைப் பற்றி அதிகம் எண்ணினாரில்லை.

அந்நாளில் ஒரு புதிர் இருந்தது. எருவிலிருந்து தோன்றும் அமோனியா மண்ணிலே நைத்திரேற்றாக மாறுகிறது. மேட்டுநிலப் பயிர்கள் பெரும்பாலும் நைதரசனைப் பெறுவது இந்த நைத்திரேற்றிலிருந்துதான். இம்மாற்றம் உயிர்களின் செயலே என்பதை 1877 இல் சிலோசிங், முன்ட்ஸ் என்னும் பிரெஞ்சு அறிஞர் இருவர் காட்டினர். மணலினூடே கழிவுநீரை வடியவிட்டபோது நைத்திரேற்று உண்டாயிற்று. குளோரபோமின் ஆவியைச் செலுத்தியதும் அது நின்றுபோயிற்று. ஆயினும் அவ்வுயிர் எது? பலர் தேடினர், எவர் கையிலும் அது சிக்கவில்லை.

சூரிச் நகரில் இருந்த வினோகிராட்ஸ்கி வேறு விதமாகச் சிந்தித்தார். அழைத்தும் வராத விருந்தாளியைப் பிறர் நொந்துகொண்டிருக்க, இவர் விருந்தையே ஐயுற்றார். சத்துச் சாறு முழுவதையும் விலக்கினார். அமோனியா உப்பும் சில கனிமங்களும் மட்டுமே கொண்ட நீரிற் சிறிது மண்ணை இட்டார். மாற்றம் நிகழ்ந்தது. அந்நீரிலிருந்து எடுத்து ஜெலற்றீனில் வளர்ந்தவை எவையும் அமோனியாவை மாற்றவில்லை. ஆகவே, அதில் வளர மறுத்தவற்றினுள்ளேயே தாம் தேடியதைத் தேடினார்; கண்டும்விட்டார். 1890 இல் அது வெளியாயிற்று. அமோனியாவை நைத்திரைற்றாக்குவது ஒரு கூட்டம். அதனை நைத்திரேற்றாக்குவது மற்றொரு கூட்டம் என்பதையும் அடுத்து நிறுவினார்.

அவர் கண்டது மேலும் வியப்பானது. இந்தப் பற்றீரியாக்களுக்குச் சூரிய ஒளி வேண்டியதில்லை, பச்சையமும் இல்லை. அமோனியாவை ஒட்சியேற்றிப் பெறும் ஆற்றலைக் கொண்டே, காபனீரொட்சைட்டிலிருந்து தம் உடலை ஆக்கிக்கொண்டன. ஒளியின்றியும் இவ்வாறு வாழ வழியுண்டு என்பதை இருளில் உழைத்த இச்சிற்றுயிர்கள் உணர்த்தின.

விதி அவரை எளிதில் விடவில்லை. ஆராய்ச்சியினின்றும் ஓய்ந்து, உக்ரேனிலிருந்த தமது நிலபுலங்களைப் பார்த்து வாழ்ந்தவர், 1917 இன் புரட்சியை அடுத்து அனைத்தையும் இழந்து நாட்டைவிட்டு வெளியேறினார். 1922 இல் பாஸ்ரர் நிலையம் அவரை அழைத்தது. அறுபத்தாறு வயதில், பாரிஸை அடுத்த பிரி-கொம்த்-ரோபேர் என்னும் ஊரில் மீண்டும் மண்ணைத் தொட்டார். 1953 இல் மறையும்வரை அந்நாடே அவர் புகலிடமாயிற்று.

முதுமையில் அவர் வற்புறுத்தியது ஒன்றே: மண்ணுயிரை மண்ணிலேயே பார்க்க வேண்டும். அவ்வாறு பார்த்தபோது இருவகைக் குடிகளைக் கண்டார். ஒன்று, பழைய மக்கில் மெல்ல மெல்ல வாழும் ஊர்க்குடி. மற்றொன்று, புதிய தழையோ எருவோ விழுந்தவுடன் திருவிழாக் கூட்டம்போற் பெருகி, அது தீர்ந்ததும் அடங்கிவிடும் கூட்டம்.

இக்கதை நமது கிணற்றடிவரை வருகிறது. தோட்டத்தில் இடும் யூரியா மண்ணில் அமோனியாவாகிறது. வினோகிராட்ஸ்கி கண்ட அதே கூட்டத்தார் அதனை நைத்திரேற்றாக்குகின்றனர். நைத்திரேற்று மண்துகள்களில் ஒட்டி நிற்பதில்லை. பயிர் உண்டது போக எஞ்சியது நீரோடு கீழிறங்கும். யாழ்ப்பாணத்துச் செம்மண்ணின் கீழே சுண்ணக்கல். அதனுள்ளே நாம் குடிக்கும் நீர். உலக சுகாதார தாபனம் வகுத்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். குடாநாட்டின் தோட்டப்பகுதிக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று அதனைக் கடந்திருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. மலசலகூடக் குழிகளுக்கும் இதிற் பங்குண்டு. அந்நீர் கைக்குழந்தைகளின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலைக் குறைக்கவல்லது. பயிருக்கு எவ்வளவு வேண்டும் என்று மட்டும் கேட்டோம். மண் அதனை என்ன செய்யும் என்று கேட்கத் தவறினோம்.

இன்று விஞ்ஞானிகள் எதனையும் வளர்க்காமலே, மண்ணிலுள்ள மரபுப்பொருளை நேரே எடுத்துப் படிக்கின்றனர். அதனால் வினோகிராட்ஸ்கியின் முடிபும் திருத்தம் பெற்றது. இருவகையார் பகிர்ந்து செய்வதாக அவர் கண்ட வேலை முழுவதையும் தனித்தே முடிக்கும் பற்றீரியாவும் உண்டென்பது 2015 இல் வெளியாயிற்று. இது அவருக்கு இழுக்கன்று. மண்ணிடமே கேளுங்கள் என்றவர் அவர். கேட்டோம், மண் இன்னும் கொஞ்சம் சொல்லியிருக்கிறது.

அடுத்த முறை பசளைப் பையை அவிழ்க்குமுன், தோட்ட மண்ணில் ஒரு பிடி கையிலெடுத்துப் பார்ப்போம். நாம் இடுவதை முதலில் உண்ணுவோர் அங்கேதான் இருக்கின்றனர்.