கண்டி மலைநாட்டில் கையடக்கத் தொலைபேசிச் சேவையைத் தெரிதல்

கண்டி மாநகர் மலைகளால் சூழப்பட்டது. தெற்கே ஹந்தானை மலைத்தொடர் மதில்போல எழுந்து நிற்கின்றது. மகாவலி கங்கை நகரை வளைத்து ஓடுகின்றது. வடகிழக்கே தும்பறை மலைகள் முகிலைத் தொடுகின்றன. இவ்வியற்கை அரண்களே 1815ஆம் ஆண்டு வரை கண்டி இராச்சியத்தை அந்நியர் ஆட்சிக்கு உட்படாது காத்தன என்பர் வரலாற்றாசிரியர். அன்று படைகளைத் தடுத்த அதே மலைகள் இன்று வேறொன்றையும் தடுத்து நிற்கின்றன. கையடக்கத் தொலைபேசிக்குச் செய்தி கொண்டுவரும் வானொலி அலைகளே அவை.

ஆகவே, கொழும்பு போன்ற சமநிலத்தில் வாழ்வோர் ஒரு தொலைபேசிச் சேவையைத் தெரிவதற்கும், கண்டியிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் வாழ்வோர் தெரிவதற்கும் வேறுபாடு உண்டு. சமநிலத்தார் விலையை முதலிற் பார்க்கலாம். மலைநாட்டார் இடத்தையே முதலிற் பார்த்தல் வேண்டும். அலை எட்டாத வீட்டிலே மலிவான சேவை இருந்தென்ன, விலையுயர்ந்த சேவை இருந்தென்ன? இரண்டும் ஒன்றே.

இலங்கையில் முதன்முதலாகக் கையடக்கத் தொலைபேசிச் சேவையை நடத்தியது செல்டெல் நிறுவனம், ஆண்டு 1989. தென்னாசியாவிலேயே இது முதலாவதாகும். அக்காலத்தில் அது செல்வர் கைப்பொருளாகவே இருந்தது. அழைப்பவர் மட்டுமன்றி, அழைப்பை ஏற்பவரும் கட்டணம் செலுத்த வேண்டியிருந்தது. பின்னர் மொபிடெல் 1993இலும், டயலொக் 1995இலும், எயார்டெல் 2009இலும் சேவையைத் தொடங்கின. போட்டி மிகுந்தது, கட்டணம் தாழ்ந்தது, ஏற்கும் அழைப்புக்கான கட்டணமும் மறைந்தது. காலப்போக்கில் நிறுவனங்கள் ஒன்றோடொன்று இணையலாயின. செல்டெல் பெயர்கள் பல மாறி எடிசலாட் ஆகி, 2018இல் ஹட்ச்சுடன் சேர்ந்தது. 2024இல் எயார்டெல் டயலொக்கின் உடைமையாயிற்று. எனவே பலவாக இருந்த சேவைகள் டயலொக், மொபிடெல், ஹட்ச் என்னும் மூன்றாகச் சுருங்கின. தெரிவு சுருங்கியதனால் தெரியும் பொறுப்புச் சுருங்கவில்லை, மாறாகக் கூடியுள்ளது.

மலை அலையைத் தடுப்பது எவ்வாறு என்பதைச் சிறிது விளக்குதல் தகும். தொலைபேசிக் கோபுரம் ஒவ்வொன்றும் தன்னைச் சுற்றியுள்ள ஒரு சிறு நிலப்பரப்புக்கே ஒளிவிளக்குப்போலப் பயன்படுகின்றது. விளக்கின் ஒளி படாத பக்கம் நிழலாவது போல, கோபுரத்துக்கும் வீட்டுக்கும் இடையே குன்று ஒன்று நிற்பின் வீடு அலைநிழலில் அகப்படும். தாழ்ந்த அதிர்வெண்ணுடைய அலைகள் தடைகளைச் சுற்றி ஓரளவு வளைந்து சென்று நெடுந்தூரம் எட்டும். உயர்ந்த அதிர்வெண்ணுடையவை மிகுதியான தரவைச் சுமந்து செல்லும், ஆனால் விரைவில் தளர்ந்துவிடும். ஆதலினால், ஓரிடத்திலே பேச முடிந்தும் இணையத்தைப் பயன்படுத்த முடியாமற் போவது புதுமையன்று. தோட்டத்து லயன் அறைகளின் தகரக் கூரை மற்றுமொரு தடை. உலோகம் வானொலி அலையை ஊடுருவ விடாது. வாசலிற் கேட்கும் தொலைபேசி அடுப்படியில் ஊமையாவதன் காரணம் பெரும்பாலும் இதுவே.

இதனால் விளையும் உண்மை யாதெனில், எந்த நிறுவனம் சிறந்தது என்னும் வினாவுக்குக் கண்டி மாவட்டம் முழுமைக்கும் பொருந்தும் ஒரு விடை இல்லை என்பதாகும். கட்டுகஸ்தோட்டைச் சந்தியில் நன்கு இயங்கும் சேவை, தெல்தோட்டைக்கு ஏறும் மலைப்பாதையின் ஒரு வளைவில் இல்லாமற் போகலாம். பேராதனையிற் குறைவாகக் கிடைப்பது கலஹாவில் நிறைவாகக் கிடைக்கலாம். ஒரே தோட்டத்தின் மேற்பிரிவுக்கும் கீழ்ப்பிரிவுக்குமே வேறுபாடு இருத்தல் கூடும். நிறுவனங்கள் வெளியிடும் படங்கள் பெரும்பாலும் கணக்கிட்டு வரையப்பட்டவை. அவை வழிகாட்டுமேயன்றிச் சான்றாகா.

சான்று பெறும் வழி எளிது. அயல்வீட்டார் வேறு நிறுவனத்தின் சிம் அட்டையை வைத்திருப்பின், அதனைச் சிறிது நேரம் இரவலாகப் பெற்றுத் தமது தொலைபேசியிலேயே இட்டுப் பார்த்தல் வேண்டும். வெவ்வேறு தொலைபேசிகளின் திரையிலே தோன்றும் சமிக்ஞைக் கோடுகளை ஒப்பிடுதல் பிழையான முடிவைத் தரும். கோடுகளைக் காட்டும் முறை ஒவ்வொரு தயாரிப்பாளருக்கும் வேறுபடுவதே காரணம். ஒரே தொலைபேசியில், ஒரே இடத்தில், வெவ்வேறு அட்டைகளைச் சோதிப்பதே முறை. படுக்கையறை, அடுப்படி, பிள்ளை படிக்கும் மேசை, தொழில் செய்யும் இடம் ஆகிய நான்கிலும் சோதித்தல் நன்று. நேரமும் முக்கியமானது. காலையிற் சோதித்தது போதாது. எல்லாரும் வீடு திரும்பிய பின்னர், இரவு ஏழு மணிக்கும் பத்து மணிக்கும் இடையே மீண்டும் சோதித்தல் வேண்டும்.

ஏனெனில், கோபுரத்தின் ஆற்றல் அதன் கீழுள்ளோர் அனைவருக்கும் பொதுவானது. ஒரு குழாயடியிலே பத்துக் குடங்கள் காத்திருந்தால் நீர் விரைவில் நிறையும். ஆயிரம் குடங்கள் காத்திருந்தால் என்னாகும்? எசலப் பெரஹராக் காலத்தில் தலதா மாளிகையைச் சூழ்ந்த வீதிகளில் இலட்சக்கணக்கானோர் திரள்வர். அவருட் பலர் ஒரே நேரத்திற் படம் எடுத்து அனுப்ப முயல்வர். அவ்வேளை சமிக்ஞைக் கோடுகள் முழுமையாகத் தோன்றினும் அழைப்புச் செல்லாதிருத்தல் இதனாலேயே. கோடுகள் அலையின் வலிமையைக் காட்டுமேயன்றி நெரிசலைக் காட்டமாட்டா.

இடத்துக்கு ஏற்ற சேவையை அறிந்த பின்னரே கட்டண முறையை ஆராய்தல் வேண்டும். அது முற்கொடுப்பனவு, பிற்கொடுப்பனவு என இருவகைப்படும். முன்னதிற் பணத்தை முதலிற் செலுத்தி, அது தீரும் வரை பயன்படுத்தலாம். இதற்கே மக்கள் வழக்கில் ரீலோட் செய்தல் என்பர். பின்னதில் மாத முடிவிற் பட்டியல் வரும். மாதச் சம்பளமும் ஒழுங்கான பயன்பாடும் உடையோருக்குப் பிற்கொடுப்பனவு வசதியானது. சேவை இடையில் அறுபடாது. ஆயினும், எல்லை வகுக்காத கையில் அது கடனாக மாறும். நாட்கூலி பெறுவோருக்கும், பிள்ளைகள் கையில் தொலைபேசியைக் கொடுக்கும் குடும்பங்களுக்கும் முற்கொடுப்பனவே பாதுகாப்பானது. பை வெறுமையானதும் செலவு தானே நின்றுவிடும்.

அழைப்புக் கட்டணத்தை ஒப்பிடுவோர் ஒரு நிமிடத்துக்கு எவ்வளவு என்று மட்டும் கேட்பர். கணக்கிடும் அலகு யாது என்பதையும் கேட்டல் வேண்டும். எழுபது வினாடி நீடிக்கும் அழைப்புகள் பத்து என்று கொள்க. வினாடிக் கணக்கில் அவை பதினொரு நிமிடமும் நாற்பது வினாடியுமே. நிமிடக் கணக்கிலோ, ஒவ்வோர் அழைப்பும் இரண்டு நிமிடமாகக் கொள்ளப்பட்டு, மொத்தம் இருபது நிமிடமாகும். சுருங்கப் பேசுவோருக்கு வினாடிக் கணக்கே இலாபம். மேலும், அளவற்ற அழைப்பு என்னும் விளம்பரம் ஒரே நிறுவனத்தின் எண்களுக்கு மட்டும் உரியதா, எல்லா எண்களுக்கும் உரியதா என்று நோக்குதல் அவசியம். குடும்பத்தாரும் உறவினரும் எவ்வெண்களை வைத்திருக்கின்றனர் என்பதை 077, 076, 074 டயலொக். 071, 070 மொபிடெல். 072, 078 ஹட்ச். 075 எயார்டெல் எனப் பிரித்து எழுதிப் பார்த்தால், எச்சலுகை உண்மையிற் பயன்படும் என்பது தெளிவாகும்.

இணையத் தரவை அளவிடுதல் பலருக்கு மயக்கம் தருவது. நடுத்தரத் தெளிவுடைய காணொளியை ஒரு மணி நேரம் பார்ப்பின் ஏறத்தாழ அரை ஜிகாபைட் அல்லது அதற்குச் சற்று மேற்பட்ட தரவு செலவாகும். உயர்ந்த தெளிவாயின் அதன் பன்மடங்கு. இணையவழிக் குரல் அழைப்புக்கோ நிமிடத்துக்கு ஒரு மெகாபைட்டும் செலவாகாது. மத்திய கிழக்கிலே தொழில் புரியும் தாயுடன் நாள்தோறும் பேசும் பிள்ளைக்குச் சிறு தொகுப்பே போதும். தினமும் ஒரு மணி நேரம் காணொளிப் பாடம் கேட்கும் மாணவனுக்கு இருபது பள்ளி நாள்களுக்குப் பத்து ஜிகாபைட் வரை வேண்டும். தொகுப்பின் மொத்த அளவை மட்டும் பார்த்தலும் பிழை. அதில் ஒரு பகுதி நள்ளிரவுக்குப் பின்னரே பயன்படுமாறு ஒதுக்கப்பட்டிருக்கலாம். சில செயலிகளுக்கு மட்டும் உரியதாக இருக்கலாம். உறங்கும் நேரத்துத் தரவு உழைப்பாளிக்கு உதவாது.

ஏழைக்கு மிகுந்த இழப்பைத் தருவது செல்லுபடிக் காலமாகும். விளக்கத்துக்காக, ஏழு நாளுக்கு 100 ரூபாய்த் தொகுப்பு ஒன்றும், அதேயளவு வாராந்தப் பயனைத் தரும் முப்பது நாளுக்கான 350 ரூபாய்த் தொகுப்பு ஒன்றும் உள்ளன என்று கொள்க. முதலாவதை ஆண்டு முழுவதும் வாங்கினால் 5,200 ரூபாய். இரண்டாவதை வாங்கினால் ஏறத்தாழ 4,260 ரூபாய். வேறுபாடு 940 ரூபாய். மூன்று தொலைபேசிகள் உள்ள வீட்டில் அது 2,820 ரூபாயாகும். 2024 செப்டெம்பரில் தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் குறைந்தபட்ச நாட்சம்பளம் 1,350 ரூபாய் என வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. அக்கணக்கின்படி, இரண்டு நாள் கொழுந்து பறித்த கூலிக்கும் மேலான தொகை, சிறிது சிறிதாக வாங்கியமையால் மட்டும் போய்விடுகின்றது. கையிற் பணம் இல்லாமையே சிறு தொகுப்பை வாங்கச் செய்கின்றது என்பது உண்மையே. ஆயினும், சம்பள நாளன்று அரிசி, மாவு வாங்கும்போதே மாதத் தொகுப்பையும் வாங்கிவிடும் வழக்கம் இவ்விழப்பைத் தடுக்கும். மாதம் என்று கூறப்படுவது இருபத்தெட்டு நாளாயின் ஆண்டுக்குப் பன்னிரண்டு முறையன்றிப் பதின்மூன்று முறை பணம் செலுத்த நேரும் என்பதையும் மறத்தலாகாது.

சிறு ஓட்டை பெருங்குடத்தையும் வெறுமையாக்கும். சோதிடம், பாட்டு, செய்தி எனத் தவறுதலாக இணைந்துகொண்ட சேவை ஒன்று நாளுக்கு இரண்டு ரூபாய் கழித்தால் ஆண்டுக்கு 730 ரூபாய் போய்விடும். அவசரத்துக்குக் கடனாகப் பெறும் ரீலோட்டுக்குச் சேவைக் கட்டணம் உண்டு. விளம்பர விலையில் வரி அடங்கியதா என்றும் கேட்டல் வேண்டும். பெறுமதி சேர் வரி 2024 ஜனவரியில் நூற்றுக்குப் பதினெட்டாக உயர்ந்தது. அழைப்புகளுக்குத் தொலைத்தொடர்பு வரி தனியாக உண்டு. காரணமின்றிப் பணம் குறைந்தால் முதலில் நிறுவனத்திடம் முறையிட்டு, முறைப்பாட்டு இலக்கத்தைக் குறித்து வைத்தல் வேண்டும். நியாயம் கிடையாதவிடத்து, 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் தொலைத்தொடர்புகள் ஒழுங்குறுத்தும் ஆணைக்குழுவை நாடலாம்.

இவையெல்லாம் பணத்தைப் பற்றியன. பணத்தினும் பெரியன இரண்டு உள: பிள்ளையின் கல்வியும் உயிர்ப் பாதுகாப்பும். பெருந்தொற்றினாற் பள்ளிகள் மூடப்பட்டிருந்த 2021இல், ஊவாவிலுள்ள போஹிட்டியாவ என்னும் ஊரின் மாணவரும் ஆசிரியரும் அலை கிடைக்கும் மலையுச்சியைத் தேடிக் காட்டு வழியே நடந்து சென்ற செய்தியை உலகம் அறிந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி வீசியபோது கண்டி மாவட்டம் மண்சரிவுகளாற் பேரிழப்பை அடைந்தது; மின்சாரமும் தொடர்பும் பல இடங்களில் அற்றன. மழை இவ்வலைகளைப் பெரிதும் தளர்த்துவதில்லை. மின்சாரம் அறுந்து, கோபுரத்தின் மின்கலமும் தீர்ந்துவிட்டால் அது ஊமையாகின்றது. ஒரு கோபுரம் ஓய்ந்தாலும் வேறு நிறுவனத்தின் கோபுரம் இயங்கக்கூடும். ஆகவே, சரிவு அபாயமுள்ள இடங்களில் வாழும் குடும்பத்தார் அனைவரும் ஒரே நிறுவனத்தைச் சார்ந்திருத்தல் விவேகமன்று. இரண்டு சிம் அட்டைகளை ஏற்கும் தொலைபேசியில் வங்கிக்கும் உறவினருக்கும் கொடுத்த பழைய எண்ணை ஓர் இடத்திலும், தரவுக்கு ஏற்ற மற்றொரு நிறுவனத்தின் அட்டையை மறு இடத்திலும் வைக்கலாம். பயன்படுத்தாத எண் காலப்போக்கில் நீக்கப்படும். ஆதலால் இரண்டாவது அட்டையிலும் இடையிடையே சிறு தொகை இடுதல் வேண்டும். 1990 என்னும் சுவசெரிய அம்புலன்ஸ் இலக்கமும், 117 என்னும் அனர்த்த முகாமைத்துவ நிலைய இலக்கமும் வீட்டில் உள்ள முதியோருக்கும் சிறுவருக்கும் மனப்பாடமாக இருத்தல் நன்று.

முடிவாக, கடைக்குச் செல்லுமுன் ஒரு தாளில் நான்கு செய்திகளை எழுதிக்கொள்க: வீட்டில் எந்த அலை எட்டுகின்றது, யாருடன் மிகுதியாகப் பேசப்படுகின்றது, ஒரு மாதத்துக்கு எவ்வளவு தரவு வேண்டும், கையில் பணம் எந்நாளில் வருகின்றது. இந்நான்கும் தெளிந்தவர் விளம்பரத்தின் பேரொலிக்கு மயங்கமாட்டார். ஆழம் அறிந்து காலை விடுதல் ஆற்றிலே இறங்குவோர்க்கு மட்டும் உரிய அறிவுரையன்று. மாதந்தோறும் வியர்வைப் பணத்தைச் செலவிடும் ஒவ்வொருவர்க்கும் உரியதாகும்.