எத்தனை நாளைக்கு வரும்?

பருப்பு டப்பாவை அம்மா திறந்து பார்க்க மாட்டாள். காதருகே தூக்கி ஒரு குலுக்கு. "நாலு நாளைக்கு வரும்" என்பாள். ஐந்தாம் நாள் காலை டப்பா காலியாகத்தான் இருக்கும். 1980-களில் மதுரையில் நாங்கள் குடியிருந்த வீட்டின் அடுப்படிப் பலகையில் எவர்சில்வர் டப்பாக்கள் உயரவாரியாக நிற்கும். பெரியதில் துவரம்பருப்பு, அடுத்ததில் உளுந்து, பிறகு கடலைப்பருப்பு, பாசிப்பருப்பு, கடைசியில் உள்ளங்கை அகல டப்பாவில் கசகசா. மாதச் சாமானில் அந்த டப்பாக்கள் கொள்ளாத எதையும் அம்மா வாங்கியதில்லை.

மாதம் பிறந்தால் அப்பா சம்பளக் கவரைச் சாமி படத்துக்கு முன்னால் வைப்பார். அன்று ராத்திரியே சாமான் சிட்டை எழுதியாக வேண்டும். அம்மா சொல்லச் சொல்ல எழுதுவது நான். உச்சியில் பிள்ளையார் சுழி, முதல் வரியில் மஞ்சள். அப்புறம் துவரம்பருப்பு 3 கிலோ, உளுந்து 3 கிலோ, கடலைப்பருப்பு அரைக் கிலோ, சீரகம் 100, மிளகு 100 என்று போகும். எந்த வரிக்கு நேராகவும் விலை இருக்காது. அதைக் கடைக்காரர்தான் பிறகு எழுதுவார். இப்போது யோசித்தால், எங்கள் வீட்டு பட்ஜெட்டின் சூட்சுமமே அந்த வெற்றிடத்தில்தான் இருந்தது என்று தோன்றுகிறது. அம்மாவின் பட்ஜெட் ஆழாக்கில் ஓடியது.

ஐந்து பேருக்குச் சாம்பார் வைக்க ஓர் ஆழாக்குப் பருப்பு. படியில் எட்டில் ஒரு பங்குதான் ஆழாக்கு. நாடு கிலோவுக்கு மாறியது 1960-களின் தொடக்கத்தில். அதற்குப் பிறகும் கடைக்குக் கிலோ, அடுப்படிக்கு ஆழாக்கு என்றுதான் எங்கள் வீடுகளில் நடந்தது. தலை தட்டி அளந்தால் ஒரு கிலோ துவரம்பருப்புக்கு ஏறக்குறைய ஏழு ஆழாக்கு வரும். மூன்று கிலோவுக்கு இருபத்தொன்று. மாதத்தில் இருபது நாள் பருப்புக் குழம்பு; மற்ற நாட்களில் புளிக்குழம்பு, மோர்க்குழம்பு, வத்தக்குழம்பு. மிச்சமிருக்கும் ஓர் ஆழாக்கு, சொல்லாமல் வந்து நிற்கும் விருந்தாளிக்கு. எண்ணெய்க்கும் சர்க்கரைக்கும் காபித்தூளுக்கும் இப்படி ஒரு கணக்கு அவளிடம் உண்டு. பருப்பு விலை ஏறினால் இருபது நாள் பதினேழு நாளாகும், அவ்வளவுதான். கடையில் எந்தப் பொருளைப் பார்த்தாலும் அவள் கேட்கும் முதல் கேள்வி விலை அல்ல. "இது எத்தனை நாளைக்கு வரும்?"

மாதக் கணக்குக்குள் அடங்காத வருஷக் கணக்கு ஒன்றும் இருந்தது. மாசி, பங்குனியில் புதுப் புளி வரும். கீழமாசி வீதிக்குப் போய் வருஷத்துக்கும் சேர்த்து வாங்கி வருவோம். கோதும் கொட்டையும் நீக்கி, கல் உப்புப் போட்டு உருட்டி, வெயில் காட்டி ஜாடியில் அடைப்பாள் அம்மா. மிளகாய் வத்தலும் மல்லியும் அதே வெயிலில் மொட்டை மாடியில் காயும். காம்பு கிள்ளிக் கிள்ளி எங்கள் விரல்கள் ராத்திரியெல்லாம் எரியும். மலிந்த மாதத்தில் வாங்கி, ஏறும் மாதங்களில் கடைப்பக்கமே போகாமல் இருப்பது பெரிய மிச்சம். ஆனால் அதற்குக் கையில் மொத்தமாகப் பணம் வேண்டும். அப்பாவின் பொங்கல் போனஸ் அப்படித்தான் புளியாகவும் வத்தலாகவும் மாறியது. அந்த போனஸ் இல்லாத எதிர்வீட்டில் புளியும் வாராவாரம் நூறு நூறு கிராமாகத்தான் வாங்கினார்கள். வருஷக் கடைசியில் எங்களைவிட அவர்கள்தான் அதிகம் கொடுத்திருப்பார்கள்.

அந்தக் காலத்தைப் பற்றிப் பேசும்போது பலர் உருகிவிடுகிறார்கள். காகிதப் பொட்டலம், சணல் உருண்டை, கடைக்காரர் கையில் தரும் கொஞ்சம் பொட்டுக்கடலை. எனக்கும் அந்த வாசனை பிடிக்கும். ஆனால் பற்று நோட்டையும் சேர்த்துத்தான் நினைக்க வேண்டும். முதல் தேதி போன மாதப் பாக்கியை அடைத்துவிட்டு, இந்த மாதச் சாமானைக் கணக்கில் எழுதி வாங்குவது எங்கள் வழக்கம். வட்டி கிடையாது. அதற்குப் பதில் வேறு கடைக்குப் போகும் உரிமை கிடையாது. பருப்பில் வண்டிருந்தாலும் வாயைத் திறக்க முடியாது. தம்பிக்கு டைபாய்டு வந்த மாதம் பாக்கி முழுதாகத் தீரவில்லை. மறு மாதச் சிட்டையோடு என்னை அனுப்பினார்கள். கடை நிறைய ஆட்கள் நிற்கும்போது, "பழசு என்னாச்சுன்னு அப்பாட்ட கேட்டுட்டு வா பாப்பா" என்றார் கடைக்காரர். எனக்குப் பத்து வயது. வெறும் பையோடு நடந்து வந்த அந்தத் தெருவின் நீளம் இன்றும் எனக்கு நினைவிருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு மாதமும் 24, 25 தேதி வாக்கில் அம்மாவுக்குப் பித்தம் வரும். காபி ஒத்துக்கொள்ளவில்லை என்று நிறுத்திவிடுவாள். முதல் தேதி பித்தம் போய்விடும். பல வருஷம் நான் அதை நோய் என்றே நம்பினேன். கல்யாணமாகி என் வீட்டுச் சிட்டையை நானே எழுதத் தொடங்கிய பிறகுதான் ஒரு நாள் விளங்கியது. காபித்தூள் கணக்கு அப்பாவுக்கும் வந்துபோகிறவர்களுக்கும் முப்பது நாள் வரும். அவளுக்கு இருபத்துநாலு நாள்தான் வரும். அந்தக் காலத்து வீடுகள் பட்ஜெட்டைத் தாண்டியதில்லை என்று யாராவது பெருமையாகச் சொன்னால், அது யாருடைய தம்ளரிலிருந்து குறைந்தது என்று எனக்குக் கேட்கத் தோன்றும்.

இன்று என் வீட்டிலும் ஐந்து பேர்தான். நான், கணவர், பிள்ளைகள் இருவர், அம்மா. துவரம்பருப்பு இரண்டு கிலோ போதும். ராத்திரியில் யாரும் சோறு சாப்பிடுவதில்லை. அரிசிச் செலவு பாதியாகக் குறைந்துவிட்டது. இரண்டு சம்பளம் வருகிறது, பற்று நோட்டு இல்லை. இருந்தும், காய்கறி மளிகைக்கு மாதம் 12,000 ரூபாய் என்று நாங்கள் வைத்த வரம்பை ஒரு வருஷம் முழுக்க ஒரு மாதமும் காக்க முடியவில்லை. போன சித்திரையில் ஒரு நோட்டுப் போட்டு மூன்று மாதம் ஒவ்வொரு ரூபாயையும் எழுதினேன்.

அரிசி, பருப்பு, எண்ணெய் வரம்புக்குள்தான் இருந்தன. மீறியது ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் செல்போனில் வரவழைத்த சாமான். தயிர் தீர்ந்துவிட்டது என்று ஆப்பைத் திறப்போம். ஒரு தயிருக்கு டெலிவரி கட்டணம் உண்டு. இன்னும் கொஞ்சம் வாங்கினால் அது இல்லை. கட்டணத்தை மிச்சம் பிடிக்க ஒரு சிப்ஸ், ஒரு ஐஸ்கிரீம், ஒரு பிஸ்கட். முப்பத்தைந்து ரூபாய்த் தயிர் இருநூற்றுச் சொச்சம் ரூபாயாகி வாசலுக்கு வரும். இது வாரத்தில் நாலு நாள். அம்மா காலத்தில் தயிர் தீர்ந்தால் அன்று தயிர் இல்லை. மிஞ்சிப்போனால் பக்கத்து வீட்டில் ஒரு கரண்டி உறைமோர் கைமாற்று வாங்குவாள்.

இது என் வீட்டோடு போகிற விஷயமும் இல்லை. மத்திய அரசின் 2022-23 குடும்ப நுகர்வுச் செலவு ஆய்வைப் பார்த்தபோது என் நோட்டையே பெரிதாக்கிப் பார்த்ததுபோல இருந்தது. 1999-2000-இல் கிராமத்துக் குடும்பம் தன் செலவில் 59 சதவீதத்தை உணவுக்குக் கொடுத்தது, 2022-23-இல் 46. நகரத்தில் 48 சதவீதம் 39 ஆகிவிட்டது. அந்த 39-க்குள் தானியத்தின் பங்கு 4 சதவீதம்கூட இல்லை. பானங்களும் தின்பண்டங்களும் தயாரித்த உணவும் சேர்ந்து 10 சதவீதத்தைத் தாண்டுகின்றன. மனிதனுக்குச் சோற்றில் வயிறு நிறைகிற ஓர் எல்லை உண்டு. தின்பண்டத்துக்கு அந்த எல்லை கிடையாது. "எத்தனை நாளைக்கு வரும்" என்ற கேள்வியைப் பருப்பிடம் கேட்கலாம், சிப்ஸ் பாக்கெட்டிடம் எப்படிக் கேட்பது?

பருப்பிடமும் எண்ணெயிடமும் கேட்பதுகூட முன்போல எளிதாக இல்லை. எண்ணெய் பாக்கெட்டை எடுங்கள். ஒரு லிட்டர் என்று நாம் பழக்கத்தில் எடுப்பதில் 850 மில்லியோ 800 கிராமோதான் இருக்கலாம். உறையின் உயரம் அப்படியே இருக்கும். அம்மாவின் கணக்கு அளவில் நின்றது. அந்த அளவையே தொட்டுவிட்டால் எந்தக் கணக்கும் நிற்காது. ஒரு கிராமுக்கு, ஒரு மில்லிக்கு என்ன விலை என்பதை உறையில் அச்சிட வேண்டும் என்று இப்போது விதி இருக்கிறது. பொடி எழுத்து, கண்ணாடி போட்டுத்தான் படிக்கிறேன், ஆனால் படிக்கிறேன். அரிசி மூட்டை எதிர்த்திசையில் போனது. 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரை பையில் அடைத்து விற்கும் அரிசிக்கு 5 சதவீத ஜிஎஸ்டி வந்ததும், 26 கிலோ மூட்டைகள் கடைக்கு வந்துவிட்டன. எங்கள் வீட்டுக்கு அந்த மூட்டை ஒன்றரை மாதம் வருகிறது.

விலை தாவுவதும் இப்போது வேறு மாதிரி. 2015-இல் துவரம்பருப்பு கிலோ 200 ரூபாயைத் தொட்டது. 2022-இல் உக்ரைனில் போர் மூண்டதும் சூரியகாந்தி எண்ணெய் ஏறியது. அந்த ஏப்ரலில் இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியைச் சில வாரம் நிறுத்தியதும் அதுவும் ஏறியது. சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வாங்கும் நாடு நாம். 2023 ஜூலையில் தக்காளி நூறைத் தாண்டியபோது சென்னை ரேஷன் கடைகளில் அரசே கிலோ 60 ரூபாய்க்கு விற்றது. இப்படிப்பட்ட மாதத்தில் 12,000 என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டு தொங்குவதில் அர்த்தமில்லை. தக்காளி கிலோவைக் குறைத்துக்கொண்டு புளியைக் கூட்டலாம். ரூபாய் கொஞ்சம் மீறினாலும் வீட்டுக் கணக்கு உடையாது.

எங்கள் வீட்டு வேலையில் உதவிக்கு வரும் அக்காவிடம் நான் கற்றுக்கொண்டதைச் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும். அவருக்கு மாத பட்ஜெட் என்ற ஒன்றே வாழ்நாளின் பெரும்பகுதி இருந்ததில்லை. கணவருக்கு அன்றன்று கூலி. ஆகவே அன்றன்று எண்ணெய், அன்றன்று பருப்பு, பத்து ரூபாய் பாக்கெட். சின்னப் பாக்கெட்டில் கிராமுக்கு விலை கூடுதல் என்பது என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்து என்ன செய்வது? ரேஷனில் அரிசி 2011 ஜூன் முதல் விலையில்லாமல் கிடைக்கிறது. துவரம்பருப்பு கிலோ 30, பாமாயில் 25 ரூபாய். 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத்தொகை 1,000 ரூபாய் வரத் தொடங்கியது. அந்த ஆயிரம் கூலியைப்போல நாளுக்குக் கொஞ்சமாகக் கரையாமல் மாதத்துக்கு ஒருமுறை மொத்தமாக வருகிறது. வந்த இரண்டாம் மாதமே அவர் ஒரு மாத எண்ணெயையும் உளுந்தையும் ஒரே நாளில் வாங்கி வைத்தார். "இப்பத்தான் டப்பான்னு ஒண்ணு வாங்கினேன் கண்ணு" என்றார். சிக்கனம் தெரியாதவர்கள் என்று கூலிக் குடும்பங்களைப் பேசுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். மாத பட்ஜெட் போட முதலில் மாதத் தொடக்கத்தில் பணம் வேண்டும்.

ஆடியிலிருந்து நாங்கள் சிலவற்றை மாற்றினோம். உலர்ந்த சாமான் மாதத்துக்கு ஒரே தடவை, கீழமாசி வீதியில், மகளோடு போய். காய்க்கு வாரம் இவ்வளவு என்று ரொக்கமாக ஒரு கவரில். அதை எடுத்துக்கொண்டு மதுரை அண்ணா நகர் உழவர் சந்தைக்குக் காலையிலேயே போய்விடுவேன். 1999-இல் தமிழ்நாட்டிலேயே முதலில் திறந்த சந்தை அது. செல்போனில் தொட்டுக் கொடுக்கும்போது உணராத பணத்தை, கவர் மெலியும்போது விரல் உணர்கிறது. தின்பண்டத்தை நிறுத்தவில்லை. பிள்ளைகள் வளர்கிற வீட்டில் அது நடக்காது, நடக்கவும் வேண்டாம். அதற்கும் ஒரு டப்பா வைத்தோம், மாதத் தொடக்கத்தில் நிரப்புகிறோம். முதல் மாதம் ஒன்பதாம் தேதியே தீர்ந்தது. மகன் கோபித்துக்கொண்டு இரண்டு நாள் பேசவில்லை. இரண்டாம் மாதம் அவனே தன் அக்காவோடு உட்கார்ந்து பங்கு பிரித்தான். இருபதாம் தேதி வரை வந்தது.

காபித்தூளில் மட்டும் நான் கணக்கு வைப்பதில்லை. தீர்ந்தால் வாங்கு என்பதுதான் விதி, மாதக் கடைசியானாலும்.

இன்று 27-ஆம் தேதி. காலையில் மகள் துவரம்பருப்பு டப்பாவின் மூடியைத் திறக்கப் போனாள். கூடத்தில் உட்கார்ந்திருந்த அம்மா, "இங்க கொண்டா" என்று வாங்கி, காதருகே வைத்து ஒரு குலுக்குக் குலுக்கினாள்.

"மூணு ஆழாக்கு இருக்கும். நாலு நாளைக்கு வரும், நடுவுல ஒருநா வத்தக்குழம்பு வச்சிக்கோ."

மகள் அளந்து பார்த்தாள். மூன்றுக்குக் கொஞ்சம் மேல் இருந்தது. அம்மா காலித் தம்ளரை என் பக்கம் நீட்டி, இன்னொரு காபி வேண்டும் என்றாள்.