முடக்குவாதம்: வலி குறைந்தால் நோய் குறைந்ததாகுமா?

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு பகுதிகளின் காலணித் தொழிற்சாலைகளில் பெண்களே மிகுதியாகப் பணிபுரிகின்றனர். நாள் முழுவதும் தோல் தைத்து, பசை பூசும் கைகளில் வலி வந்தால், ‘வேலையால் வந்தது’ என்று எண்ணுவது இயல்பே. ஆயினும் அது முடக்குவாதமாகவும் இருக்கலாம். இந்நோய் ஆண்களைவிடப் பெண்களை இரண்டு முதல் மூன்று மடங்கு அதிகமாகத் தாக்குகிறது.

வேறுபாட்டை அறிவது எப்படி?

வேலைப்பளுவால் வரும் வலி பெரும்பாலும் மாலையில் கூடும், ஓய்வெடுத்தால் குறையும். முடக்குவாதத்திலோ காலையில் எழுந்ததும் விரல்கள் விறைத்திருக்கும். அவை இளக ஒரு மணி நேரம்கூட ஆகலாம். மணிக்கட்டும் விரல் கணுக்களும் பெரும்பாலும் இரு கைகளிலும் வீங்கும்.

மூட்டுக்குள் நிகழ்வது என்ன?

மூட்டின் உட்புறத்தை மெல்லிய சவ்வு ஒன்று போர்த்தியுள்ளது. நோய் எதிர்ப்பு மண்டலம் இச்சவ்வையே தவறாகத் தாக்குவதால் அது அழற்சியுற்றுத் தடிக்கிறது; பின்னர் குருத்தெலும்பையும் எலும்பையும் அரிக்கிறது. அரிக்கப்பட்ட எலும்பு பழைய நிலைக்குத் திரும்புவது அரிது. கடையில் வாங்கும் வலி மாத்திரை வலியைத் தணிக்கும், அரிப்பைத் தடுக்காது.

தீவிரம் எவ்வாறு கணிக்கப்படுகிறது?

மருத்துவர் தோள், முழங்கை, மணிக்கட்டு, விரல்கள், முழங்கால் என 28 மூட்டுகளில் வீக்கத்தையும் தொடுவலியையும் எண்ணுவார். இவற்றுடன் ஈஎஸ்ஆர் அல்லது சிஆர்பி இரத்தப் பரிசோதனையும், உங்கள் உடல்நிலை குறித்த உங்கள் மதிப்பீடும் சேர்த்து மதிப்பெண் கணக்கிடப்படும். ஈஎஸ்ஆர் கொண்டு கணக்கிடும்போது 5.1-க்கு மேல் எனில் நோய் தீவிரம், 2.6-க்குக் கீழ் எனில் நோய் அடங்கிய நிலை. அந்நிலையை அடைவதே சிகிச்சையின் இலக்கு.

சிகிச்சையில் கவனிக்க வேண்டியவை

• மெத்தோட்ரெக்சேட் மாத்திரையை வாரத்தில் ஒரு நாள் மட்டுமே உட்கொள்ள வேண்டும். நாள்தோறும் உட்கொண்டால் உயிருக்கே ஆபத்து. எந்தக் கிழமை என்பதை மாத்திரை அட்டையில் எழுதி வையுங்கள். வீட்டில் உள்ளவர்களுக்கும் தெரிவியுங்கள்.
• கருவுற்றிருந்தாலோ, கருத்தரிக்க விரும்பினாலோ முன்னரே மருத்துவரிடம் கூறுங்கள். இம்மருந்து கருவைப் பாதிக்கும்.
• கல்லீரல், இரத்த அணுப் பரிசோதனைகளைத் தவறாது செய்துகொள்ளுங்கள்.
• ஸ்டீராய்டு மாத்திரையை நீங்களாகத் தொடங்கவோ நிறுத்தவோ கூடாது.
• பீடி, சிகரெட் பழக்கம் நோயைத் தீவிரமாக்கும், அறவே விடுங்கள்.

எப்போது மருத்துவரை அணுக வேண்டும்?

மூட்டு வீக்கமும் காலை விறைப்பும் நீடித்தால், ஆறு வாரத்துக்கு மேல் காத்திராமல் அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். தேவைப்படின் வேலூர் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் பரிந்துரைக்கப்படுவீர்கள். ஒரு நாள் கூலி போகுமே எனத் தயங்காதீர்கள். தொடக்கத்திலேயே சிகிச்சை பெற்றால் அக்கைகள் நெடுங்காலம் உழைக்கும்.