ஒரே பிள்ளையை இழந்தவர்களுக்குச் சீன அரசு என்ன தருகிறது?

பிள்ளையை இழந்த துயரத்தில் அரசுக்கு என்ன பங்கு என்று நீங்கள் கேட்கலாம். சீனாவில் பங்கு உண்டு. 1980 முதல் 2015 வரை, நகரக் குடும்பங்களில் பெரும்பாலானவை ஒரு பிள்ளையோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பது அரசின் விதி. மீறினால் அபராதம், அரசு வேலையும் பறிபோகலாம். விதிக்குக் கட்டுப்பட்டவர்களில் பலர், இன்னொரு பிள்ளை பெற முடியாத வயதில் அந்த ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தார்கள். அவர்களுடையவை ‘ஷிது’ (ஒரே பிள்ளையை இழந்த) குடும்பங்கள்.

உதவித்தொகை யாருக்கு? தாய்க்கு 49 வயது நிறைந்திருக்க வேண்டும். பெற்றதோ தத்தெடுத்ததோ ஒரே பிள்ளையாக இருந்திருக்க வேண்டும். தாயின் 42-வது வயதில் பிள்ளை இறந்தால், இன்னும் ஏழு ஆண்டு காத்திருக்க வேண்டும். அதன்பின் தாய், தந்தை இருவருக்கும் தனித்தனியே தொகை வரும்.

தொகை எவ்வளவு? திட்டம் 2007-ல் சில இடங்களில் தொடங்கி, அடுத்த ஆண்டு நாடெங்கும் பரவியது. அப்போது மாதம் 100 யுவான். 2014-ல் நகரத்தாருக்கு 340, கிராமத்தாருக்கு 170. அந்தப் பாகுபாடு 2016-ல் நீங்கியது. 2018-ல் எல்லோருக்கும் 450 ஆனது. 2022-ல் அது 590-ஆக, அதாவது சுமார் 7,000 ரூபாயாக உயர்ந்தது. இதற்கு மேலும் சில மாகாணங்கள் தங்கள் பங்கைச் சேர்த்துத் தருகின்றன.

தானாக வந்துவிடுமா? வராது. கிராமக் குழுவிலோ, நகரமென்றால் குடியிருப்புக் குழுவிலோ விண்ணப்பிக்க வேண்டும்.

பணம் கிடைத்தால் போதுமா? போதாது. அறுவை சிகிச்சைக்கு ஒப்புதல் படிவம் நீட்டுவார்கள். முதியோர் இல்லத்தில் பொறுப்பாளர் யார் என்று கேட்பார்கள். மற்ற வீடுகளில் பிள்ளை கையெழுத்துப் போட்டுவிடும். இவர்களுக்கோ அந்த இடத்தில் ஆளில்லை. கையில் பணமிருந்தும் இடம் கிடைக்காமல் திரும்பியவர்கள் உண்டு.

இதற்கு என்ன வழி? ஒவ்வொரு குடும்பத்துக்கும் தொடர்பு அலுவலர், குடும்ப மருத்துவர், மருத்துவமனையில் முன்னுரிமை ஆகிய மூன்றும் கிடைக்க வேண்டும் என்று அரசு இலக்கு வைத்திருக்கிறது. இன்னொரு வழி சட்டத்தில் இருக்கிறது. நினைவு தெளிவாக இருக்கும்போதே உறவினரையோ நண்பரையோ ஓர் அமைப்பையோ, அவர்களின் சம்மதத்தோடு, எழுத்துமூலம் பாதுகாவலராக (நம்மால் முடியாதபோது நமக்காக முடிவெடுப்பவராக) அமர்த்திக்கொள்ளலாம். 2021 முதல் நடப்பிலுள்ள குடிமைச் சட்டத் தொகுப்பின் 33-வது பிரிவு இதற்கு இடம் தருகிறது. தள்ளிப்போடாமல் செய்துகொள்ள வேண்டிய வேலை இது.

ஆனால் உறவும் நட்பும் அருகில் இல்லாதவர் யாரைத் தேடுவார்? அவருக்காகக் கையெழுத்திட உள்ளூர் நிர்வாகம் முன்வர வேண்டும். அரசின் சொல்லைக் கேட்டு ஒரு பிள்ளையோடு நின்றவர்களுக்கு அரசு பட்டிருக்கும் கடன் அது.