அப்பாவுக்குத் தெரிய வேண்டாம்



ஒற்றைப்படை ஆண்டுகளில், பொதுக்காலம் 13ஆம் வாரச் சனிக்கிழமைத் திருப்பலியில், யாக்கோபு தன் தந்தையை ஏமாற்றி ஆசி பெற்ற நிகழ்வை முதல் வாசகமாகக் கேட்கிறோம் (தொநூ 27:1-5, 15-29). இடையில் உள்ள ஒன்பது வசனங்கள் அந்த வாசகத்தில் இல்லை. நீளம் கருதி விடப்பட்டிருக்கலாம். ஆனால் அந்த ஒன்பது வசனங்களில்தான் ஒரு தாய், கணவருக்குத் தெரியாமல் எடுத்த முடிவை மகனிடம் சொல்கிறார். வீட்டில் திருவிவிலியத்தைத் திறந்து அப்பகுதியையும் சேர்த்து வாசித்துப் பார்ப்போம்.

ரெபேக்கா தீயவர் அல்லர். ஈசாக்கு அவரை மணந்தபோது வயது 40. பிள்ளைகள் பிறந்தபோது 60. இருபது ஆண்டுகள் குழந்தைக்காக ஏங்கிய வீடு அது. மனைவிக்காக மன்றாடிய கணவர் ஈசாக்கு. கருவில் இரட்டையர் முட்டி மோதியபோது ரெபேக்கா ஆண்டவரிடமே போய்க் கேட்டார். மூத்தவன் இளையவனுக்குப் பணிபுரிவான் என்று பதில் வந்தது. இந்த இறைவாக்கை அவர் கணவரிடம் பகிர்ந்துகொண்டதாக விவிலியம் எங்கும் சொல்லவில்லை. தந்தைக்கு வேட்டைக்கறி கொண்டுவரும் ஏசா செல்லப்பிள்ளை, தாய்க்கு யாக்கோபு. கண்பார்வை மங்கிய ஈசாக்கும் மனைவியிடம் ஒரு வார்த்தை சொல்லாமல்தான் ஏசாவை அழைத்து ஆசி வழங்க முனைந்தார். ரெபேக்கா அதை ஒட்டுக்கேட்டுத்தான் தெரிந்துகொண்டார்! எனவே தவறு ஒரு பக்கம் மட்டும் இருந்தது என்று சொல்வதற்கில்லை.

பிறகு நடந்தவற்றை நாம் அறிவோம். இரண்டு வெள்ளாட்டுக் குட்டிகள், ஏசாவின் நல்ல உடைகள், கைகளிலும் கழுத்திலும் ஆட்டுத்தோல். யாக்கோபு தயங்குகிறார், செய்வது தவறு என்பதைவிட, அகப்பட்டுக்கொண்டால் சாபம் வருமே என்பதே அவருடைய கவலை. சாபம் வந்தால் என்மேல் வரட்டும் என்கிறார் தாய்.

இந்த இடத்தில் சற்று நிற்போம். நம் பங்குகளில் எத்தனை தாய்மார், எத்தனை தந்தையர் இதே பேச்சைப் பேசுகிறார்கள்! நண்பருக்காக ஜாமீன் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுப் பத்திரத்தை வைத்த தந்தை மனைவியிடம் வாய் திறப்பதில்லை. மகனை வெளிநாட்டுக்கு அனுப்ப நகையை அடகு வைத்த தாய், கணவர் கேட்டால் கழுத்தில் கிடக்கும் கவரிங்கைக் காட்டுகிறார். இருவருமே குடும்பத்துக்காகத்தான் செய்தார்கள். ஆனால் அடகுக் கடைக்குத் துணைக்குப் போன மகளிடம் 'அப்பாவுக்குத் தெரிய வேண்டாம்' என்று சொல்லும்போது, அந்தப் பிள்ளையையும் அந்தப் பொய்க்குள் இழுத்துவிடுகிறோம். அன்றிலிருந்து அவள் அப்பாவின் முகத்தை நேராகப் பார்த்துப் பேச முடிவதில்லை. உண்மை வெளிப்படும் நாளில், எவ்வளவு என்று கணவர் கேட்பதற்கு முன்னால் எத்தனை நாளாக என்று கேட்கிறார். அடுத்த கேள்வி, 'பிள்ளைக்கும் தெரியுமா?' இந்த இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்வதுதான் கடினம். கடனை எப்படியாவது அடைத்துவிடலாம்.

யாக்கோபு செய்ததைப் பொய் என்று கொள்ளாமல் மறைபொருள் என்று விளக்கினார் புனித அகுஸ்தினார். மீட்பு வரலாற்றின் பார்வையில் அது ஆழ்ந்த விளக்கம். இருப்பினும், உண்மை தெரிந்ததும் ஈசாக்கு மிகவும் நடுநடுங்கினார் என்பதையும், ஏசா மனமுடைந்து ஓலமிட்டு அழுதார் என்பதையும் விவிலியம் மறைக்கவில்லை. இறைவன் வளைந்த கோட்டையும் நேராக்க வல்லவர். அதற்காக வீட்டில் விழுந்த அடி வலிக்காமல் போய்விடுமா?

அண்ணன் தம்பியைக் கொல்லக் காத்திருந்தார். ரெபேக்கா யாக்கோபை லாபானிடம் அனுப்ப முடிவுசெய்தார், கொஞ்ச நாள்களுக்கு என்று சொல்லி. கணவரிடம் அப்போதும் உண்மைக் காரணத்தைச் சொல்லவில்லை; இத்தியப் பெண்களைப் பற்றிய கவலையைக் காரணமாகக் காட்டினார். அந்தக் கவலையும் உண்மைதான், ஆனால் முதல் இரகசியத்தைக் காக்க இரண்டாவது தேவைப்பட்டுவிட்டது. வியப்பு என்னவென்றால், வழியனுப்பும்போது ஈசாக்கு, எதிரில் நிற்பவர் யாக்கோபு என்று தெரிந்தே, ஆபிரகாமுக்கு உரிய ஆசியை அவருக்கு வழங்குகிறார் (தொநூ 28:1-4). ஆட்டுத்தோல் இல்லை, வேடம் இல்லை. முதலிலேயே கணவரிடம் பேசியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

கொஞ்ச நாள் என்றது 20 ஆண்டுகளாயிற்று. லாபான் ராகேலுக்குப் பதில் லேயாவைக் கொடுத்து ஏமாற்றினார். பின்னாளில் யாக்கோபின் புதல்வர்கள் வெள்ளாட்டுக் கிடாவின் இரத்தத்தில் யோசேப்பின் அங்கியைத் தோய்த்துத் தந்தைக்கு முன் வைத்தார்கள். ஆடும் உடையும் மறுபடியும் ஒரு தந்தையை ஏமாற்றப் பயன்பட்டன.

எல்லா மறைவும் ஒன்றல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். குழந்தை மோசேயைப் பெற்றோர் மூன்று மாதம் ஒளித்துவைத்தார்கள் (எபி 11:23). பார்வோனிடமிருந்துதான் மறைத்தார்கள், ஒருவரிடமிருந்து ஒருவர் மறைக்கவில்லை. குடித்துவிட்டு அடிக்கும் கணவரிடமிருந்து பிள்ளைகளின் படிப்புப் பணத்தை ஒளித்துவைக்கும் தாயை ரெபேக்காவோடு சேர்த்துப் பேசுவது அநீதி. அவருக்குத் தேவை அறிவுரையன்று, பாதுகாப்பு. மற்றபடி, சொல்ல வேண்டியதைச் சொல்ல நேரம் பார்க்கலாம். பிள்ளைகள் இல்லாத வேளையில், ரசீதுகளையும் பாஸ்புத்தகத்தையும் கையில் வைத்துக்கொண்டு, தொகையைக் குறைக்காமல் ஒரே தடவையில் சொல்வது நல்லது. பாதி உண்மை இன்னொரு இரகசியமாகிவிடும். தனியே சொல்லத் துணிவில்லையென்றால், இருவரும் மதிக்கும் பெரியவர் ஒருவர் உடனிருக்கட்டும். பங்குத்தந்தையரும் இதற்காகத்தான் இருக்கிறோம்.

யாக்கோபு திரும்பி வந்ததாக விவிலியம் கூறுகிறது. ரெபேக்காவின் செவிலித்தாய் தெபோராவின் அடக்கம் சொல்லப்படுகிறது. தந்தை ஈசாக்கு 180 வயதில் இறந்தபோது ஏசாவும் யாக்கோபும் சேர்ந்து அடக்கம் செய்தது சொல்லப்படுகிறது. ரெபேக்கா தன் மகனை மீண்டும் பார்த்ததாக ஒரு வரிகூட இல்லை. பல ஆண்டுகளுக்குப் பின் எகிப்தில் சாகும் தறுவாயில் யாக்கோபு, தன்னை மக்பேலா குகையில் அடக்கம் செய்யும்படி புதல்வர்களிடம் கேட்டுக்கொண்டார். ரெபேக்கா அடக்கம் செய்யப்பட்டிருந்த குகை அது.