வலி கூடுகிறது என்று சொன்னால்

பர்லியார்க்காரருக்கு ஆபரேஷன் என்றால் மேலேறிக் குன்னூர் லாலி அரசு மருத்துவமனைக்கோ ஊட்டிக்கோ போக வேண்டும். இல்லையேல் மலையிறங்கி மேட்டுப்பாளையம், கோவை. எங்கே போனாலும், தியேட்டரிலிருந்து வார்டுக்கு வந்த முதல் ஒரு நாள் அவர் நர்ஸின் கண்காணிப்பில்தான் பிழைக்கிறார்.

2022 நவம்பரில் சென்னையில் நடந்ததை மறக்க முடியவில்லை. கொளத்தூர் பெரியார் நகர் அரசு மருத்துவமனையில் மூட்டு ஜவ்வு ஆபரேஷன் செய்துகொண்ட 17 வயது கால்பந்து வீராங்கனைக்கு, காலில் போட்ட இறுக்கமான கட்டே ரத்த ஓட்டத்தை அடைத்தது. காலை எடுத்தும் உயிரைக் காப்பாற்ற முடியவில்லை. 15-ம் தேதி ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் இறந்தார்.

பிரிட்டனில் 2012 முதல் ஒரு மதிப்பெண் முறை இருக்கிறது. மூச்சு, ஆக்சிஜன், பிபி, பல்ஸ், காய்ச்சல், நினைவு எல்லாவற்றுக்கும் நர்ஸ் மதிப்பெண் போடுவார். கூட்டுத்தொகை 5 ஆனால் டாக்டரை உடனே அழைக்க வேண்டும். 7 என்றால் அவசர நிலை. நல்ல முறைதான். ஆனால் கட்டுக்குள் கால் செத்துக்கொண்டிருக்கும்போதும் பிபி சரியாகவே இருக்கலாம். அதனால்தான் கை, கால் ஆபரேஷனுக்குத் தனிக் கவனிப்பு வேண்டும்: விரல் வெளுத்திருக்கிறதா, சில்லிட்டிருக்கிறதா, அசைகிறதா, தொட்டால் உணர்வு இருக்கிறதா. ஊசி போட்டும் வலி ஏறிக்கொண்டே போனால் அதுவே முதல் எச்சரிக்கை. ரத்தம் போகாத தசை சில மணி நேரத்தில் மீளாத நிலைக்குப் போய்விடும். 'ஆபரேஷன்னா வலிக்கத்தான் செய்யும்' என்ற பதிலை வார்டிலிருந்தே ஒழிக்க வேண்டும்.

விதி எழுதினால் மட்டும் போதாது. இந்திய நர்சிங் கவுன்சில் கணக்குப்படி பொது வார்டில் ஐந்து பேருக்கு ஒரு நர்ஸ். போதனா மருத்துவமனையில் மூன்று பேருக்கு ஒருவர். வார்டு முழுவதையும் ஒரே சிஸ்டரிடம் விட்டுவிட்டு, கால் மணிக்கொரு முறை பிபி பார்க்கவில்லையே என்று கேட்பது அநியாயம். டியூட்டி டாக்டர் வரவில்லையென்றால் நேரே சர்ஜனை அழைக்கும் உரிமையும் அந்த சிஸ்டருக்கு எழுத்தில் இருக்க வேண்டும்.

மலைக்கென்று இன்னொன்றும் சேர்க்க வேண்டும். டிஸ்சார்ஜ் எழுதும்போது நோயாளியின் ஊரைக் கேளுங்கள். மழைக்காலத்தில் மண் சரிந்தால் மலைப்பாதை அடைபட்டுவிடும். அன்றிரவு பர்லியாரில் காய்ச்சல் ஏறினாலும் தையல் கசிந்தாலும் 108 வண்டி வர நேரமாகும். அப்படிப்பட்டவரைக் கூடுதலாக ஓரிரவு வார்டில் வைத்திருக்கலாம். அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால், எதைக் கண்டால் புறப்பட வேண்டும், யாருக்குப் போன் செய்ய வேண்டும் என்று வீட்டில் கூட இருக்கப்போகிறவருக்கு நர்ஸே வாயால் சொல்லி, அவரைத் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டு அனுப்ப வேண்டும்.