மைனரின் மறுபிறவி – 7: பூட்டுப்படும், பொருந்தாது

போன வாரம் சிலிண்டர் ஹெட்டைத் திருப்பிப் பூட்டியதோடு நிறுத்தியிருந்தேன். இந்த வாரம் காபரேற்றர்.

அப்பாவின் 1957ஆம் ஆண்டு மொறிஸ் மைனருடைய காபரேற்றர் ஒரு பிஸ்கற் ரின்னுக்குள் இருந்தது. எஸ்.யூ. எச்2 வகை, வாய் ஒன்றேகால் அங்குலம். கழற்றுமுன், பெற்றோல் வரும் குழாயான ஜெற்றின் நட்டை மேலே முடுக்கிப் பார்த்து எண்ணினேன். அதற்கு ஆறு பக்கம். ஒரு பக்கம் திருப்புவது ஒரு படி. வழக்கமாக ஜெற்றை வாயின் அடியிலுள்ள பாலத்தோடு சமமாக வைத்து, பன்னிரண்டு பக்கம், அதாவது இரண்டு சுற்று கீழே இறக்கித்தான் சரிபார்க்கத் தொடங்குவார்கள். அப்பாவினுடையது பதினெட்டில் நின்றது.

ஏனென்று யாழ்ப்பாணத்தில் அந்தக் காலத்தைக் கண்டவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பெற்றோலுக்குத் தடை. கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு ஸ்ராட் செய்து, என்ஜின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். குளிர்ந்த என்ஜினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. சூடேறிய பின்னும் மிஞ்சும் அந்தக் குறையை அளவைக் கூட்டி ஈடுகட்டத்தான் அப்பா ஜெற்றை அவ்வளவு இறக்கியிருந்தார். பள்ளிக்கூடத்துக்குக் காரில் போய் இறங்கினால் என் சட்டையில் குப்பி விளக்கு மணக்கும்.

கழுவிப் பார்த்தபோது ஜெற்றின் துளை வட்டமாக இல்லை. அதனுள் ஏறி இறங்கும் ஊசி நடுவில் நில்லாமல் வருடக்கணக்கில் உரசி அதை நீள்வட்டமாக்கியிருந்தது. திறொட்டில் தண்டும் விரல் பட்டாலே ஆடியது. அந்த இடைவெளியால் கள்ளக்காற்று புகும்; எந்த அளவு வைத்தாலும் நிற்காது. வேறு காபரேற்றர் தேடுவதென்று முடிவாயிற்று.

எஸ்.யூ.வின் பிறப்பில் ஒரு சுவையான செய்தி உண்டு. அந்தப் பெயர் ஸ்கின்னர், யூனியன் என்ற இரு சொற்களின் முதலெழுத்து. இதை வடிவமைத்த ஹேர்பேட் ஸ்கின்னர், லண்டனில் பெயர்பெற்ற சப்பாத்து வியாபாரக் குடும்பத்தைச் சேர்ந்தவர். 1905இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். தொடக்கத்தில் உள்ளே ஏறி இறங்கியது உலோகப் பிஸ்ரன் அல்ல. தோலில் செய்த துருத்தி. 1926இல் மொறிஸ் கார்களைச் செய்த மொறிஸ் எஸ்.யூ. நிறுவனத்தை வாங்கினார். மைனருக்குள் எஸ்.யூ. வந்த வழி அது.

வேலை செய்யும் விதம் எளிமையானது. என்ஜின் காற்றை எவ்வளவு இழுக்கிறதோ, அவ்வளவுக்குப் பிஸ்ரன் மேலே ஏறும். அதன் அடியில் தொங்கும் கூர் ஊசியும் ஜெற்றிலிருந்து கூடவே எழும்பும். ஊசி நுனி நோக்கி மெலிவதால் துளையில் வழி அகலும். பெற்றோல் கூடுதலாக வரும். ஒவ்வொரு எட்டிலொரு அங்குலத்துக்கும் ஊசியின் பருமன் எவ்வளவு என்று அட்டவணையே இருக்கிறது. ஓர் ஊசிக்கும் இன்னொன்றுக்கும் உள்ள வித்தியாசம் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்றிரண்டுதான். ஆனால் என்ஜின் அதை அறியும்.

கொழும்பு பஞ்சிகாவத்தையில் ஓர் உதிரிப்பாகக் கடையில் எச்எஸ்2 ஒன்று கிடைத்தது. எச்2வுக்குப் பின் வந்த தம்பி. அதே ஒன்றேகால் அங்குலம், அதே இரண்டு போல்ற் துளை. வித்தியாசம் பெற்றோல் போகும் வழியில். எச்2வில் பெற்றோல் உடலுக்குள்ளாலேயே ஜெற்றுக்குப் போகும். கசியாமலிருக்கத் தக்கை வளையங்கள். எச்எஸ்2வில் மிதவைக் கிண்ணத்தின் அடியிலிருந்து ஒரு நைலோன் குழாய் நேரே ஜெற்றுக்குப் போகிறது. காயும் தக்கையின் தொல்லை இல்லை. மகிழ்ச்சியில் ஒரு மடத்தனம் செய்தேன். அதன் பிஸ்ரனுக்கு மேலுள்ள மூடி மங்கலாக இருந்ததால், பக்கத்தில் கிடந்த இன்னொன்றின் பளபளப்பான மூடியை மாற்றித் தரச்சொல்லி வாங்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து பூட்டினேன். சாவியைத் திருப்பியதும் மைனரின் மின்சாரப் பம்ப் டிக், டிக் என்று அடிக்கத் தொடங்கியது. கிண்ணம் நிறைந்ததும் அது தானாக நிற்கவேண்டும். நிற்கவில்லை. வழிந்த பெற்றோல் கீழே எக்சோஸ்ற் மனிபோல்டில் சொட்டியது. இந்த என்ஜினில் காபரேற்றரும் எக்சோஸ்ற்றும் ஒரே பக்கம். சூடான என்ஜினாக இருந்திருந்தால் இந்தத் தொடர் ஆறாம் வாரத்தோடு முடிந்திருக்கும்.

சாவியை அணைத்துவிட்டு ஒழுங்கை முனையில் கராஜ் வைத்திருக்கும் அண்ணையைக் கூட்டிவந்தேன். எழுபது தாண்டியவர். எதையும் தொடவில்லை. குனிந்து பார்த்தார்.

“தம்பி, அந்தக் கிண்ணம் சரிஞ்செல்லோ நிக்குது. சரிஞ்ச குடத்தில தண்ணி மட்டம் பாப்பீரோ?”

“போல்ற் எல்லாம் சரியா இறங்கினது, அண்ணை.”

“பூட்டுப்படுகுது எண்டதுக்காகப் பொருந்துது எண்டில்லை.”

உடலுக்கும் கிண்ணத்துக்கும் நடுவில் ஓர் ஆப்புத் துண்டு இருந்தது. சில என்ஜின்களில் காபரேற்றர் சரிவாக நிற்கும். அப்படி நின்றாலும் கிண்ணம் நிமிர்ந்திருக்க வேண்டும் என்பதற்காக வைப்பது அது. என் காபரேற்றர் எந்த வண்டியிலிருந்து வந்ததோ, அந்த வண்டியின் சரிவு அந்த ஆப்பில் இருந்தது. மைனரின் மனிபோல்டில் அதுவே கிண்ணத்தைச் சரித்தது. மிதவை பக்கச் சுவரில் முட்டி, வால்வை மூடாமல் விட்டது. லேத்தில் கொடுத்து, எங்கள் சரிவுக்கு அளவெடுத்து, அலுமினியத்தில் புதிய துண்டு கடைந்தோம். பம்ப் அடங்கியது.

என்ஜின் ஸ்ராட் ஆனது. ஆனால் அக்சிலேற்றரை மிதித்தால் திக்கியது. அண்ணை மூடியையும் பிஸ்ரனையும் கழற்றி, பிஸ்ரனின் துளைகளைக் களிமண்ணால் அடைத்து, தலைகீழாகப் பிடித்தார். இந்த அளவுக் காபரேற்றரில் மூடி மெல்ல வழுக்கி விழ மூன்றிலிருந்து ஐந்து செக்கன் எடுக்கவேண்டும். என் பளபளப்பு மூடி ஒரு செக்கனுக்குள் விழுந்தது. மூடியும் பிஸ்ரனும் தொழிற்சாலையிலேயே சோடி பார்த்து விடப்படுபவை. மூடி எங்கும் முட்டாமல், ஆனால் காற்றும் அதிகம் தப்பாமல் இருப்பது அந்தச் சோடிக்குள் மட்டும்தான்.

கடைக்கு ரெலிபோன் எடுத்தேன். மங்கல் மூடி இன்னும் அங்கேயே கிடந்தது. பஸ்ஸில் பார்சலாக வந்தது. நான்கு எண்ணினேன், விழுந்தது. ஊசியும் வந்த வண்டியினுடையது என்பதால், அப்பாவின் ஊசியில் பொறித்திருந்த எழுத்தைப் பார்த்து அதே எழுத்தில் புதிது வாங்கிப் போட்டேன். சோக் கம்பிக்கு மட்டும் ஒரு புதிய பிடி செய்யவேண்டியிருந்தது. எச்எஸ்2வில் அது வேறு பக்கத்தால் இழுக்கும்.

கடைசியாக அளவு. சூடான என்ஜினில் பிஸ்ரனை ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவாகத் தூக்கிப் பார்க்கவேண்டும். வேகம் கூடி அப்படியே நின்றால் பெற்றோல் அதிகம். என்ஜின் தளர்ந்தால் போதாது. ஒரு கணம் லேசாகக் கூடி அடங்கினால் சரி. பன்னிரண்டில் தொடங்கி, பதினொன்றில் சரி வந்தது.

மறுநாள் காலை சாவியைத் திருப்பினேன். பம்ப் ஏழு முறை அடித்து நின்றது. பழைய ஜெற்றைத் துடைத்து, நட்டைத் திரும்பவும் பதினெட்டுக்கே இறக்கி, பிஸ்கற் ரின்னுக்குள் போட்டு மூடினேன்.

(அடுத்த வாரம்: பிரேக்)